தனியாக வாழ்வது பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு 43 வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இனி செய்துகொள்ளும் எண்ணமும் இல்லை. தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள், 16 வருஷமாகச் சென்னையில் தனியாக இருக்கிறேன். முதல் ஒன்பது வருஷம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். அதை விட்ட பிறகு வீட்டிலிருந்தே ஏழெட்டுக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மாதத்துக்கு இரண்டு பேராவது போன் செய்து விசாரிக்கிறார்கள். அண்ணியின் தங்கச்சி, பழைய ஆபீஸில் கூட இருந்தவரின் மகள், யாரிடமோ நம்பர் வாங்கிக்கொண்டு ஊரிலிருந்து கூப்பிடும் ஒரு பெண் என்று ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அதேதான். ஒருத்தருக்குச் சொன்னது இன்னொருத்தருக்கு விட்டுப்போய்விடுகிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

வீட்டில் எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

ஒத்துக்கொள்ளவில்லை. 27 வயதில் சென்னையில் வேலை கிடைத்தது, "வேலைக்குப் போறா" என்று ஊரில் சொல்லிக்கொள்ள முடிந்தது, அந்த ஒரு காரணத்தால் அனுப்பினார்கள். கல்யாணம் வேண்டாம் என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான். அம்மா நாலு மாசம் என்னிடம் பேசவில்லை. அப்பா கோபப்படவே இல்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஊர்ல கேட்டா நான் என்னன்னு சொல்றது?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்று யோசித்துப் பார்த்தாலும் அது நியாயமான கேள்விதான், ஏனென்றால் என் முடிவுக்கு ஊரில் பதில் சொல்ல வேண்டியவர் அவர், நான் 600 கிலோமீட்டர் தள்ளி இருந்தேன்.

இதிலிருந்து கற்றுக்கொண்ட ஒன்றைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். வெளியூர் போவது ஒரு பேச்சு, கல்யாணம் வேண்டாம் என்பது வேறு பேச்சு. இரண்டையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். முதலில் சம்பாதித்து, தனியாக ஒரு வருஷம் இருந்து பாருங்கள். இது தனக்குச் சரிப்படவில்லை என்று அந்த ஒரு வருஷத்திலேயே தெரிந்துகொண்டு திரும்பிப் போனவர்களும் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சட்டத்தில் ஏதாவது தடை இருக்கிறதா?

கல்யாணம் ஆகாத, வயது வந்த ஒருவர் தனியாக வாழ்வதற்குச் சட்டத்தில் தடை இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்பு சொன்னார்கள். அடுத்த வருஷம் கேரளத்து ஹாதியா வழக்கில், வயது வந்த பெண் யாரோடு வாழ்வது என்பதை அவளேதான் முடிவு செய்ய வேண்டும், பெற்றோரோ நீதிமன்றமோ அல்ல என்றார்கள். பாஸ்போர்ட்டுக்குக் கல்யாணச் சான்றிதழ் வேண்டாம், அப்பா அம்மா இருவர் பெயரும் கட்டாயம் இல்லை என்று 2016 டிசம்பரிலேயே விதியை மாற்றிவிட்டார்கள்.

ஆனால் நீங்கள் தினமும் போய் நிற்பது உச்ச நீதிமன்றத்தில் இல்லை. வீட்டு புரோக்கர் முன்னால், ஆஸ்பத்திரி அட்மிஷன் கவுண்டரில், பேங்கில், சில சமயம் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறீர்கள். நான்கு இடத்திலும் நான் ஒரே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன்: "வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா." நான் 35 வயதில் கேட்டேன், 41 வயதிலும் கேட்டேன்.

சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. நம் ஊரில் குடும்பம் என்பது சோறும் பாசமும் மட்டும் இல்லை. அதுதான் ஜாமீன், அதுதான் நர்ஸ், அவசரத்துக்குக் கைமாற்று கொடுக்கும் பேங்க்கும் அதுதான், விலாசமும் அதுதான். எல்லா அலுவலகங்களும் அப்படி ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது என்று நம்பித்தான் படிவம் அடித்து வைத்திருக்கின்றன. தனியாக வாழ்வதென்றால் இந்த வேலைகளை எல்லாம் ஒவ்வொன்றாக நாமே வேறு வழியில் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில் முக்கால்வாசிச் சிரமம் இதுதான், மற்றவர்கள் பேசுவதெல்லாம் மிச்சக் கால்வாசி.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் நாலு மடங்கு நேரம் ஆகும். இதுவரை ஐந்து வீடு மாறியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் குறைந்தது இருபது வீடாவது பார்த்திருப்பேன்.

டூலெட் போர்டிலேயே "ஃபேமிலிக்கு மட்டும்" என்று எழுதியிருந்தால் நேரம் மிச்சம். எழுதாத இடத்தில்தான் கேள்விகள் வரும். "எத்தனை பேரு?" "நான் மட்டும்." "சார் எங்க வேலை பாக்குறாரு?" "சார் இல்லைங்க." இதற்குப் பிறகு வரும் அமைதி எனக்கு மனப்பாடம். அப்புறம் "சொந்த ஊரு எது, அங்க எந்தப் பக்கம், குலதெய்வம் எது" என்று சுற்றி வளைப்பார்கள். அது சாதி கேட்கும் கேள்வி. என்ன சாப்பிடுவீர்கள் என்பதும் பல இடங்களில் அதே கேள்விதான். தனியாக இருப்பதால் எனக்கு மறுத்த வீடுகள் ஒரு பக்கம் என்றால், சாதிக்காக மறுக்கப்பட்ட தோழிகளை வீடு பார்க்கக் கூட்டிப் போன நாட்கள் இன்னொரு பக்கம், அதைப் பார்த்த பிறகு என் கஷ்டத்தைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. கல்யாணம் ஆகாதவருக்கு வீடு தர மாட்டேன் என்று ஒரு ஹவுஸ் ஓனர் சொன்னால், அதைத் தடுக்க நம்மிடம் சட்டம் இல்லை.

எனக்குப் பலன் தந்த வழி: புரோக்கரை விட, அந்தத் தெருவில் ஏற்கெனவே இருப்பவர் சொல்லி வரும் வீடு. இஸ்திரி கடைக்காரர், மாவு அரைக்கும் அக்கா, டியூஷன் எடுக்கும் டீச்சர் என்று யாரிடமாவது சொல்லி வையுங்கள். ஹவுஸ் ஓனருக்கு வேண்டியது ஒரு கணவன் இல்லை, "இவளை எனக்குத் தெரியும்" என்று சொல்ல ஒரு ஆள். பழைய ஹவுஸ் ஓனரின் போன் நம்பர், இரண்டு வருஷ வருமான வரி ரிட்டர்ன், வாடகை ஒழுங்காகப் போன பேங்க் ஸ்டேட்மெண்ட் மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு முதல் சந்திப்பிலேயே எடுத்துக் காட்டுங்கள். இப்போது இருக்கும் வீடு எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

பொய் சொல்லாதீர்கள். "அடுத்த மாசம் அம்மா வந்துடுவாங்க" என்று சொல்லி ஒரு வீட்டில் குடிபோனேன். அம்மா வரவில்லை என்று தெரிந்ததும் அந்த வீட்டுக்கார அம்மா தினமும் வாசலில் நின்று கேட்க ஆரம்பித்தார், எட்டு மாசத்தில் காலி செய்தேன்.

புதிதாக வருகிறவர்கள் முதல் ஆறு மாசம் விடுதியில் இருந்து பார்க்கலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தமிழ்நாடு அரசு 'தோழி' விடுதிகள் நடத்துகிறது, தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருச்சி, சேலம் போன்ற ஊர்களில் இருக்கிறது. தனியார் விடுதிகளில் இரவு ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டுவதை எண்ணிக் கொதிக்காமல், ஊரைப் பழகிக்கொள்ளும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் பத்து மாசம் கேட்கிறார்களே?

சென்னையில் அது வழக்கம், சட்டம் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஹவுஸ் ஓனர் வீட்டுக்குள் வர வேண்டுமானால் ஒரு நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும், கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. "யார் யார் வந்து போறாங்க" என்று கேட்பவரை இந்தச் சட்டம் வாயடைக்காது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் சாவி போட்டுத் திறந்து உள்ளே வருகிறவருக்கு எதிராக உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும். பேசிப் பேசி நான் பத்தை ஐந்தாக்கியிருக்கிறேன், மூன்றாக்கியது ஒரே முறை.

கல்யாணம் செய்யாமல் ஒருவரோடு சேர்ந்து இருந்தால் போலீஸ் பிடிக்குமா?

பிடிக்க முடியாது. நடிகை குஷ்பு 2005-ல் கல்யாணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பேட்டியில் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாட்டில் ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது, வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றம் இல்லை என்பதையும் அந்தத் தீர்ப்பு சொன்னது. 2019-ல் கோயம்புத்தூரில், கல்யாணம் ஆகாத ஜோடி தங்கியிருந்தது உட்படச் சில காரணங்களைச் சொல்லி ஒரு விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தபோது, அப்படித் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்டு, சீலை எடுக்கச் சொன்னது. ஒரே ஒரு எச்சரிக்கை: வேலைக்காக உத்தராகண்ட் பக்கம் போகிறவர்கள் கவனியுங்கள், அங்கே 2025 ஜனவரியிலிருந்து இப்படிச் சேர்ந்து வாழ்வதைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். நம்மிடம் அப்படி இல்லை.

சேர்ந்து வாழும் பெண்ணை அந்த ஆண் அடித்தால், வீட்டை விட்டுத் துரத்தினால், 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வழி இருக்கிறது. கல்யாணம் போன்ற உறவும் அதில் வரும். வெட்கத்தில் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

உடம்பு சரியில்லாமல் போனால்?

எல்லோரும் இதைக் கடைசியில் கேட்கிறார்கள், ஆனால் போன் செய்ததே இதற்காகத்தான் என்று குரலில் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு எனக்கு வயிற்று வலி வந்தது. ஆட்டோ பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேனில் பித்தப்பையில் கல், உடனே ஆபரேஷன் என்றார்கள். "கூட யாரு வந்திருக்காங்க?" "யாரும் இல்லை." "கையெழுத்து போட ஹஸ்பண்ட், அப்பா, அண்ணன் யாராவது வேணுமேம்மா." நானே போடுகிறேன் என்றேன். முடியாது, ரூல் என்றார்கள். வலியோடு பெஞ்சில் உட்கார்ந்து, தென்காசியில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணனை எழுப்பினேன். போனில் அவன் சரி சொன்னது போதாது என்று, கடைசியில் என் மேல் வீட்டு அக்கா ராத்திரி ஒன்றரை மணிக்கு வந்து "உறவு: சித்தி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே கொண்டுபோனார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, நான் எடுத்த முடிவு தப்போ என்று தோன்றியது.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு உட்கார்ந்து படித்தேன். நினைவோடு இருக்கும் வயது வந்த நோயாளியின் சம்மதம்தான் சட்டப்படி சம்மதம். இதற்கு ஒரு தீர்ப்பே இருக்கிறது, சமீரா கோலி வழக்கு, 2008 ஜனவரி. டெல்லியில் கல்யாணம் ஆகாத 44 வயதுப் பெண், பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டுப் படுத்திருந்தபோது, வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். நோயாளி வயது வந்தவர், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை, அப்படியிருக்க அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். எனக்கு அதைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது. அம்மா சம்மதித்தால் போதும் என்று அந்த டாக்டர் நினைத்ததும், அண்ணன் வந்தால்தான் ஆகும் என்று என் டாக்டர் நினைத்ததும் ஒரே நினைப்புதான்.

ஆனால் நடுராத்திரியில் கவுண்டரில் தீர்ப்பைப் படித்துக் காட்ட முடியாது. அதனால் இதைச் செய்து வையுங்கள். உங்கள் பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்து, உடம்பு நன்றாக இருக்கும்போதே போய் ஒரு முறை செக்கப் செய்து ஃபைல் போட்டு, அவசரத்தில் என் கையெழுத்தை ஏற்பீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் வேறு ஆஸ்பத்திரி பாருங்கள். பத்து நிமிஷத்தில் வரக்கூடிய இரண்டு பேரிடம் "கூப்பிட்டால் வருவீங்களா" என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். எனக்காக வருவதாகச் சொன்ன மூவருக்கும் அவர்களுக்காக நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன், இரண்டு முறை போயும் இருக்கிறேன். நினைவு தப்பிவிட்டால் என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் முடிவு எடுக்கலாம் என்று முன்னதாகவே எழுதி வைக்கவும் வழி உண்டு. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது, 2023-ல் எளிதாக்கி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்து இருந்தால் போதும் என்றது. கூட இரண்டு சாட்சி வேண்டும். நான் எழுதி வைத்துவிட்டேன். மேல் வீட்டு அக்காவின் பெயர் அதில் இருக்கிறது, இந்த முறை உறவு என்று எதையும் பொய்யாக எழுத வேண்டியிருக்கவில்லை.

மாசம் எவ்வளவு இருந்தால் சமாளிக்கலாம்?

என் கணக்கைச் சொல்கிறேன். புறநகரில் ஒரு பெட்ரூம், வாடகை 11,000. மற்ற எல்லாச் செலவும் சேர்த்து 14,000 ஆகிறது. இதற்கு மேல், ஆறு மாசச் செலவுக்கான பணம் தொடாமல் பேங்கில் கிடக்க வேண்டும், அது இல்லாமல் நிரந்தர வேலையை விடாதீர்கள். நான் விட்டபோது நாலு மாசப் பணம்தான் இருந்தது, ஐந்தாவது மாசம் வளையலை அடகு வைத்தேன்.

சொந்தத் தொழிலுக்கு வந்தால் வருமான வரி ரிட்டர்னை ஒரு வருஷம்கூட விடாமல் போடுங்கள். வரி வராவிட்டாலும் போடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வீடு, கடன், விசா எல்லாவற்றுக்கும் அதுதான் சாட்சி. மருத்துவக் காப்பீடு சின்ன வயதிலேயே சொந்தப் பெயரில் எடுங்கள், ஆபீஸ் கொடுப்பது வேலையோடு போய்விடும். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, அதற்கு முன் 18 சதவீதம் இருந்தது. தள்ளிப்போட்டவர்களுக்கு இப்போது நல்ல நேரம்.

நான் சேர்த்ததெல்லாம் எனக்குப் பிறகு யாருக்கு?

எழுதி வைக்காவிட்டால் நீங்கள் நினைத்தவருக்குப் போகாது. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவனும் பிள்ளையும் இல்லாத கல்யாணமாகாத பெண்ணின் சொத்து முதலில் அப்பா அம்மாவுக்கு, அவர்கள் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்குப் போகும். அதாவது என் விஷயத்தில் அம்மாவுக்குப் பிறகு அண்ணனுக்கு. இருபது வருஷம் கூடவே இருந்த தோழிக்கு ஒரு ரூபாய் போகாது.

நாமினி போட்டால் போதும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பேங்க் நாமினி கையில் பணத்தைக் கொடுக்கும், ஆனால் அந்தப் பணத்துக்கு உரிமை வாரிசுக்குத்தான், அல்லது உயிலில் இருப்பவருக்கு. 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நாலு நாமினி வரை போடலாம், அதனால் நாமினியும் போடுங்கள், உயிலும் எழுதுங்கள். வெள்ளைத் தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயம் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். உயிலில் எதுவும் கிடைக்காதவர்களாகப் பார்த்துச் சாட்சி வையுங்கள். மற்ற மதத்தவர்களுக்குச் சட்டம் வேறு, வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதான அப்பா அம்மாவை யார் பார்ப்பது?

இதைப் பற்றி யாரும் முன்னால் எனக்குச் சொல்லவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். கல்யாணம் ஆகாத பிள்ளை சுதந்திரமாக இருக்கும் என்று வெளியில் நினைப்பார்கள். குடும்பத்துக்குள் அந்தப் பிள்ளைக்குப் பெயர் "சும்மா இருப்பவள்". "உனக்கென்ன, குடும்பமா குட்டியா, நீ வந்து பாத்துக்கோ." அப்பா படுத்த படுக்கையாக இருந்த பதினொரு மாசமும் நான்தான் ஊரில் இருந்தேன். அண்ணனுக்கு ஸ்கூல் போகிற பிள்ளைகள் இருந்தார்கள், அது எல்லோருக்கும் காரணமாகத் தெரிந்தது. எனக்கு ஏழு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், அவர்களில் நாலு பேர் போய்விட்டார்கள், அது யாருக்கும் காரணமாகத் தெரியவில்லை.

அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் எனக்கு வருத்தமே இல்லை. அவர் கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்ற அந்தப் பழைய கேள்விக்கு அவரே பதில் கண்டுபிடித்தது போல, "எம்புள்ள கணக்கு எழுதிப் பொழைக்கிறா" என்று வந்தவரிடம் எல்லாம் சொன்னார். ஆனால் கேட்காமலே என் தலையில் வைத்தார்களே, அது தப்பு. உங்கள் வீட்டில் அந்த நாள் வருவதற்கு முன்னால், எல்லோரும் ஆரோக்கியமாக இருக்கும்போதே, கூடப் பிறந்தவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். பணம் யார், ஆள் யார், எத்தனை மாசம் என்று. கூடவே, பங்கு என்று வரும்போது கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எதற்கு என்று சொன்னால் மௌனமாக இருக்காதீர்கள். பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது, தமிழ்நாடு 1989-ல் சட்டம் கொண்டுவந்தது, 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. அறுபது வருஷம் போராடி வாங்கிய ஒன்றை, "அண்ணன் மனசு கஷ்டப்படும்" என்று விட்டுக்கொடுக்காதீர்கள். நான் விடவில்லை. அண்ணன் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை, இப்போது பேசுகிறான்.

தனிமையாக இருக்காதா?

இருக்கும். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை எனக்குக் கஷ்டமான நேரம், பொங்கல் அன்று காலை அதைவிடக் கஷ்டம். ஒரு ஆளுக்குப் பொங்கல் வைப்பது ஒரு மாதிரி இருக்கும், முதல் சில வருஷம் வைக்கவே இல்லை. இப்போது எங்கள் தெருவில் என்னைப் போல இருக்கும் இரண்டு பேர், ஊருக்குப் போக முடியாத ஒரு நர்ஸ் பெண், கணவரை இழந்த மேல் வீட்டு அக்கா எல்லோரும் சேர்ந்து மொட்டை மாடியில் ஒரே பானையில் வைக்கிறோம், ஆறு வருஷமாக விடாமல் நடக்கிறது. தானாக அமைந்தது இல்லை. யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து காத்திருந்து, கடைசியில் நானே போய் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினேன்.

கல்யாணம் ஆன என் தோழிகள் பலர் என்னை விடத் தனிமையில் இருக்கிறார்கள் என்று சொன்னால் சமாதானம் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். அதனால் அந்த ஒப்பீட்டை விட்டுவிடுகிறேன்.

குழந்தை வேண்டும் என்று தோன்றினால்?

தனியாக இருக்கும் பெண் ஆண் குழந்தையையும் பெண் குழந்தையையும் சட்டப்படி தத்து எடுக்கலாம். தனியாக இருக்கும் ஆண், பெண் குழந்தையைத் தத்து எடுக்க முடியாது. 2022-ம் வருஷத்து விதிப்படி இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை வேண்டுமானால் தனி நபருக்கு 40 வயதுக்கு மேல் இருக்கக் கூடாது, குழந்தையின் வயது கூடக் கூட அந்த வரம்பும் கூடும். காத்திருக்க வேண்டியது வருஷக் கணக்கில், எனவே யோசனை இருந்தால் 35-க்குள்ளேயே பதிவு செய்யுங்கள்.

ஆண்களுக்கு இது சுலபம்தானே?

வெளியில் நடமாட, ராத்திரி வீடு திரும்ப, சுலபம். வீடு கிடைப்பது அவர்களுக்கும் கஷ்டம், "பேச்சுலர்ஸ் இல்லை" என்ற போர்டு அவர்களை நினைத்துத்தான் எழுதியது. என்னிடம் பேசிய ஆண்களில் பாதிப் பேருக்குச் சமைக்கத் தெரியாது, முக்கால்வாசிப் பேருக்கு அழைத்துப் பேச ஒரு நண்பன் இல்லை. இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள் தம்பிகளா.

இதெல்லாம் சம்பாதிக்கிற, படித்த பெண்களுக்குத்தானே?

பெரும்பாலும் ஆமாம், அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பம் இல்லை. எனக்கு இருந்த தடைகள் கேள்விகள், காத்திருப்பு, அவமானம். வேறு சிலருக்குத் தடை அரிவாள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம், பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காகச் சங்கரை வெட்டிக் கொன்றார்கள், மனைவி கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். தன் விருப்பப்படி வாழ்வது என்ற அதே வார்த்தைக்கு அவர் கொடுத்த விலையையும் நான் கொடுத்த விலையையும் ஒன்றாக வைக்கவே கூடாது. உங்கள் வீட்டில் அந்த மாதிரி ஆபத்து இருக்கிறது என்றால், வீட்டில் எப்போது, எப்படிப் பேசுவது என்று மேலே சொன்னதெல்லாம் உங்களுக்கு இல்லை. முதலில் பாதுகாப்பான இடம், 181 பெண்கள் உதவி எண், ஒரு வக்கீல். பேச்சு அப்புறம்.

தன்பால் விருப்பம் உள்ளவர்களும் திருநர்களும் என்னிடம் கேட்கிறார்கள். தன்பால் ஜோடிகளுக்குக் கல்யாண உரிமையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தரவில்லை. ஆனால் 2025 மே மாதம், பெற்றோர் பிடித்து வைத்திருந்த ஒரு இளம் பெண்ணை அவர் விருப்பப்படி போகவிட்ட சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்று இல்லை, தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்று சொன்னது. எங்கள் மொட்டை மாடிப் பொங்கலை நினைத்துக்கொண்டு அந்தச் செய்தியை மூன்று தடவை படித்தேன்.

அடுத்த வாரம் தனி வீட்டுக்குப் போகிறேன். முதலில் என்ன வாங்க வேண்டும்?

கதவுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள், ஒரு டார்ச், ஒரு சின்ன குக்கர், காய்ச்சல் மாத்திரை. வீட்டுச் சாவிக்கு இன்னொரு சாவி அன்றைக்கே செய்துவிடுங்கள். மாடியிலோ எதிர் வீட்டிலோ ஒருவரைப் பார்த்துப் பேசி, நாலு நாள் பழகி, நம்பிக்கை வந்ததும் அந்தச் சாவியை அவர்களிடம் கொடுங்கள். கொடுக்கும்போது உங்கள் ரத்த வகையையும், எந்த ஆஸ்பத்திரியில் ஃபைல் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள், அவர்கள் வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கட்டுமா என்றும் கேளுங்கள்.